சூடு ஆறும்வரை

ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.
எட்டரைக்கே வண்டியைக் கிளப்பி
இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன்.
குளிர்ந்து கிடக்கும்போது சாவி போட்டால்
எஞ்சினுக்குள் மூன்று விநாடி
தகரடப்பாவில் கூழாங்கல் உருளும்.
சூடேறிவிட்டால் பிள்ளைப்பூச்சி.
மரியாம்போலேயில் கார் விற்கிற எவனும்
இதைப் பொய் என்று சொல்லமாட்டான்.
தயார்செய்வது என்போம்.

பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்தாள்.
ஸ்காய்ஸ்தே. பால் தொழிற்சாலையில் இரவு வேலை.
ஷிஃப்ட் முடிவது மூன்றரைக்கு, அந்நேரம் பேருந்து கிடையாது,
ஆறு கிலோமீட்டர் நடை,
முப்பத்தெட்டு வயதில் இதுதான் முதல் கார்,
எல்லாவற்றையும் கைகுலுக்கும் முன்பே கொட்டிவிட்டாள்.
இளிச்சவாய் என்று எடைபோட்டேன்.
குறைக்க நினைத்திருந்த நூறு யூரோவை
மனசுக்குள் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டேன்.

சீட்டை முன்னே தள்ளினாள், பின்னே தள்ளினாள்.
ரேடியோவைத் திருகினாள்.
கண்ணாடியில் தன் நெற்றியைப் பார்த்தாள்.
முதல்முறை வாங்குகிறவர்கள்
வண்டியைப் பார்ப்பதில்லை,
வண்டிக்குள் தங்களைப் பார்க்கிறார்கள்.

அப்புறம் பையிலிருந்து ஒரு காந்தம் எடுத்தாள்.
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற ஸ்ட்ராபெர்ரி.
ஒவ்வொரு தகடாக வைத்துப் பார்த்தாள்.
ஒட்டியது. ஒட்டியது.
இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே
பொத்தென்று பனியில் விழுந்தது.
"இங்கே இரும்பு இல்லையா?"
"ரோட்டு உப்பு. நான்தான் மாவு வைத்துப் பூசினேன்."
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
இந்த ஊரில் தின்பது உப்பு,
தண்ணீர் குடிப்பது கோர்சா, ஓட்டை வழியாக.

மீட்டரில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
குனிந்து க்ளட்ச் மிதியின் ரப்பரைத் தடவினாள்.
வழுக்கை.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
மீட்டரில் கைவைத்தது நான் இல்லை,
எனக்கு முன்னால் ஜெர்மனியில் எவனோ.
சத்தியம் செய்திருப்பேன்.
கேட்டால்தானே.

கடைசியில் கையுறையைக் கழற்றிவிட்டு
பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"சூடா இருக்கே."
"ரொட்டி வாங்கப் போய்வந்தேன்."
சுற்றிலும் பார்த்தாள்.
ராத்திரி முழுக்கப் பெய்த பனி.
வாசலிலிருந்து தெருவரை
அவள் நடந்து வந்த தடம் மட்டும்.
டயர்த் தடம் ஒன்றுகூட இல்லை.

"பரவாயில்லை. ஆறட்டும். இருக்கிறேன்."

மைனஸ் ஒன்பதிலும் எஞ்சின் ஆற
இரண்டு மணி நேரம் பிடிக்கிறது.
உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.
கவிழ்த்துப்போட்ட பீர்ப்பெட்டியில் உட்கார்ந்து
கருப்பு ரொட்டி எடுத்துத் தின்றாள்.
பாதியைப் பிய்த்து எனக்கு நீட்டினாள்.
உங்கள் ரொட்டி எங்கே என்று கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை. அதுதான் தொண்டையில் நின்றது.

பதினொன்று பத்துக்கு மறுபடி கைவைத்தாள்.
"நீங்கள் கிளப்புங்கள். நான் வெளியே நின்று கேட்கிறேன்."

சாவியைத் திருப்பினேன்.
கூழாங்கல் உருண்டது.
ஒன்று. இரண்டு. மூன்று.
அன்றைக்குப் பார்த்து நாலுவரை போனது.

"செயினா?"
"செயின்."
"மாற்ற எவ்வளவு ஆகும்?"
முந்நூறு என்று சொல்ல வாயெடுத்தவன்
அறுநூறு என்றேன்.
அறுநூறுதான் ஆகும்.
ஏன் சொன்னேன் என்று
இப்போதும் தெரியவில்லை.

"அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன்.
வியாழக்கிழமை வருவேன்.
அன்றைக்குக் காலையில் கிளப்பிவைக்காதீர்கள்,
மறுபடி தொட்டுப் பார்ப்பேன்."

பனியில் எதிர்த்திசைக்கு இன்னொரு வரிசைத் தடம்.
பேருந்தும் போய்விட்டது.
அச்சாரம் வாங்க மறந்தது அப்புறம்தான் உறைத்தது.

கோர்சாவின் பின்கதவில்,
இரும்பு மீதியிருக்கும் இடத்தில்,
ஸ்ட்ராபெர்ரி.